வள்ளி திருமண நாடகத்தில் இணைப்பொருத்தம்: அவையோர் பேச்சும் அகப்பொருள் மரபும்

1. நுவல்பொருள்

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் அமைந்த பேரூர் அரிமளம். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளிட்ட புதுக்கோட்டைப் பகுதி, தமிழ் இசைநாடகம் இன்றும் வழக்கொழியாது வாழும் நிலங்களுள் ஒன்று. சங்கரதாச சுவாமிகளின் நாடகங்களையும் நாடக இசையையும் ஆராய்ந்த அறிஞர் சு. பத்மநாபன் தம் பெயர்க்கு முன் அரிமளம் என்னும் ஊர்ப்பெயரையே கொண்டவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இப்பகுதியில் கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வருவது வள்ளி திருமணம். இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து விடியுமளவும் நீளும்.

கதை அனைவர்க்கும் தெரிந்தது. தினைப்புனங் காக்கும் வள்ளியை முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து நயப்பான். முடிவில் மணம் நிகழும். முடிவு இன்னதென்று முன்னரே அறிந்த மக்கள் இரவெல்லாம் கண்விழித்து எதனைக் காண்கின்றனர் என்னும் வினா இயல்பாக எழும். மறுநாள் தேநீர்க் கடையிலும் கண்மாய்க் கரையிலும் நிகழும் பேச்சினைச் செவிமடுப்பார்க்கு இதற்கு விடை கிடைக்கும். பாட்டு நன்றா, உடை நன்றா என்பவற்றினும் மிகுதியாக, வள்ளியும் வேலனும் ‘ஜோடிப் பொருத்தம்’ உடையரா என்பதே அங்கு வழக்காடப்படும். ஒருவர் சென்ற ஆண்டு வந்த இணையைப் புகழ்வார். மற்றொருவர் இவ்வாண்டு இணையே மேல் என்பார். இவ்வழக்குக் கைகலப்பின்றித் தீர்ந்தாலும் முடிவின்றியே நீளும்.

நம் ஆராய்ச்சியாளர் நாடகத்தின் நூற்பகுதியை ஆராய்ந்துள்ளனர். வண்ணமும் சந்தமும் ஆராய்ந்துள்ளனர். அவையோரின் இப்பேச்சினை வெறும் வம்பு என்று ஒதுக்கியே வந்துள்ளனர். அது முற்றும் வம்பன்று, அதனுள் ஒரு திறனாய்வு உளது என்பதும், அது திறனாய்வாக நிற்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும், அவ்வெல்லையை நம் அகப்பொருள் மரபே வகுத்துத் தந்துள்ளது என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

2. ஒத்திகையில்லா இணை

பொருத்தம் பற்றிய பேச்சு இந்நாடக வகையில் ஏன் இத்துணை வேரூன்றியது என்பதனை முதற்கண் காண்போம். சங்கரதாச சுவாமிகள் (1867–1922) யாத்த நாடகங்களே இம்மேடைக்கு அடிப்படை. ஆயினும் இன்று ஊர்தோறும் நிகழ்வது ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் வகையாகும். இதில் நிலையான குழு இல்லை. மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் உள்ள நடிகர் சங்கங்களின் வழியாக, நாடகம் வைப்போர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் என ஒவ்வொருவரையும் தனித்தனியே ஏற்பாடு செய்வர். இயக்குநர் என ஒருவர் இல்லை, ஒத்திகையும் இல்லை. வள்ளியாக வருபவரும் வேலனாக வருபவரும் அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் காண்பதும் உண்டு. பாட்டும் கதைப்போக்கும் இருவர்க்கும் பொதுவாகத் தெரிந்தவை. இடையில் நிகழும் உரையாடல் அவ்விடத்திலேயே பிறப்பது.

அவ்வுரையாடலுக்கு மேடை வழக்கில் ‘தர்க்கம்’ என்று பெயர். நாரதர்க்கும் வள்ளிக்கும் ஒரு தர்க்கம் நிகழும்; பின்னர் வள்ளிக்கும் வேலனுக்கும் நிகழும் தர்க்கமே நாடகத்தின் உயிர்ப்பகுதி. காதலர் இருவர் காதலை மறைத்து வாய்ப்போர் புரிவதும், அப்போரினூடே காதல் புலப்படுவதும் உலக நகைச்சுவை நாடகங்கள் பலவற்றிற்குப் பொதுவான அமைப்பு. சேக்சுபியரின் பியாட்ரிசும் பெனடிக்கும் இவ்வாறே சொல்லாடிச் சொல்லாடி இணைந்தவர்கள். ஆங்கே சொற்கள் கவிஞனால் முன்னரே எழுதப்பட்டவை. ஈண்டோ பெரும்பகுதி நடிப்பவர் நாவில் அப்பொழுதே தோன்றுபவை. ஆகலின் ஒரே கதை, ஒரே பாட்டு, ஒரே ஊர் என்றாலும் ஆண்டுதோறும் இணை மாற நாடகமும் மாறுகின்றது. அவையோர் ஒப்பிட்டுப் பேசுதற்கு வாய்ப்பளிப்பது இம்மாற்றமே. மாறாதது அனைத்தும் அவர்கட்குத் தெரியும்; எனவே மாறியதனை மட்டும் அவர்கள் மதிப்பிடுகின்றனர்.

3. பொருத்தம் யாது?

தலைவன் தலைவியர்க்கு வேண்டும் ஒப்பினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பிறப்பு முதலாகத் திரு ஈறாகப் பத்து வகையாக வகுத்தார். சோதிடரும் பத்துப் பொருத்தம் பார்க்கின்றனர். அவையோர் கூறும் ஜோடிப் பொருத்தம் இவற்றுள் எதனைச் சார்ந்தது?

உருவம் என்று முதலில் தோன்றலாம். ஆனால் இந்நாடகத்தில் உருவப் பொருத்தமும் ஆண்டுப் பொருத்தமும் வேண்டுமென்றே குலைக்கப்படுகின்றன. இளையோனாகிய முருகன் நரைத்த கிழவனாகி வருகின்றான், வள்ளி அவனை எள்ளுகின்றாள், அவையோர் நகைக்கின்றனர். பிறப்பும் அவ்வாறே. தேவனும் வேட்டுவச் சிறுமியும் ஒத்த பிறப்பினர் அல்லர். பத்தனுள் புறத்தே காணப்படுவன எல்லாம் இங்கே சிரிப்புக்குரிய பொருளாகி உதிர, ‘உணர்வு’ என்பதொன்றே எஞ்சி நிற்கக் காண்கின்றோம். ஒருவர் கருத்தை மற்றவர் உணர்ந்து ஒழுகும் அவ்வுணர்வே மேடைப் பொருத்தத்தின் அடிப்படை எனலாம். வயதில் முதிர்ந்த நடிகையும் இளைய நடிகரும் இணைந்த நாடகத்தைப் பொருத்தமுடையது என்று ஊரார் ஏற்பதற்கும், அழகிய இருவர் நடித்ததனைச் ‘சேரவில்லை’ என்று தள்ளுதற்கும் காரணம் இதுவே.

அவ்வுணர்வு மேடையில் வெளிப்படும் இடங்களை மூன்றாக வகுத்துக் காண்போம்.

முதலாவது, விடையில் வினாவுக்கு இடம் வைத்தல். வேடனாக வந்த முருகன், தான் துரத்திய மான் இப்புனத்தின் வழியே வந்ததுண்டோ என்று வினவுகின்றான். இஃது அகப்பொருளில் கெடுதி வினாதல் எனப்படும் பழைய துறை. மானின் வயிற்றில் பிறந்தவள் வள்ளி. ஆகலின் அவன் தேடும் மான் அவளே என்பது அவைக்குத் தெரியும். ‘மான் வரவில்லை, போ’ என்று வள்ளி கூறிவிடின் வழி அடைபட்டது. வேலன் மீண்டும் தொடக்கத்திலிருந்து முயல வேண்டும். ‘அம்மானின் அடையாளம் யாது?’ என்று அவள் வினவின், தன் அழகைத் தானே வருணிக்கச் சொன்னவளாகின்றாள். அதனை அறியாதவள் போலவும் நிற்கின்றாள். நாணமும் விருப்பமும் ஒருங்கே அவ்வொரு வினாவில் அமைந்துவிடுகின்றன. சினந்து துரத்துவாள் போல் நின்று மேலும் பேச இடந்தரும் விடையே சிறந்த விடை. இவ்வாறு இடமளிக்கும் திறம் இருவர்க்கும் இருப்பின் தர்க்கம் ஓடும். ஒருவர்க்கு மட்டும் இருப்பின் நொண்டும்.

இரண்டாவது, வெல்லாது வெல்லுதல். தர்க்கத்தில் புராண அறிவைக் காட்டி எதிரியை வாயடைக்கச் செய்வதனைச் சிலர் திறமை என்று கருதுகின்றனர். அவையும் கைதட்டுவதுண்டு. ஆனால் வேலன் வினாமேல் வினா அடுக்கி வள்ளியைத் திணறவைத்த நாடகத்தில், அவள் அவனை மணக்க இசைவது காதலால் அன்று, தோல்வியால் என்றாகிவிடும். அத்தகைய நாடகத்தை முதியோர் ‘தர்க்கம் பெரிது, கல்யாணம் சிறிது’ என்னும் பொருள்படக் குறைகூறுவர். அது நுண்ணிய மதிப்பீடு. நாடகம் பட்டிமன்றம் அன்று. இருபொருள்படும் கொச்சைச் சொல்லால் வள்ளியை நாணச்செய்து நகை விளைப்பதும் இக்குற்றத்தின்பாற்படும். அங்கே அவையின் சிரிப்பு வள்ளியோடு சேர்ந்து எழுவதன்று. அவளைக் குறித்து எழுவது.

மூன்றாவது, சுருதியும் மௌனமும். ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் இயல்பான சுருதி வேறு. இருவரும் மாறிமாறிப் பாடும் தர்க்கப் பாட்டில் ஆர்மோனியக்காரர் ஒரே சுருதியை நிறுத்தினால், ஒருவர் தம் குரலை ஏற்றியோ இறக்கியோ மற்றவர்க்கு இணங்க வேண்டும். யார் இணங்கினார், அவ்விணக்கம் வருத்தமின்றி நிகழ்ந்ததா என்பதனைப் பழகிய செவிகள் அறியும். மௌனமும் அத்தகையதே. கிழவன் பசி என்கின்றான்; தினைமாவும் தேனும் பெறுகின்றான். வேட்கை என்கின்றான், சுனைநீர் பெறுகின்றான். பின்னர்த் தன் காதலைக் கூறுகின்றான். அக்கூற்றைக் கேட்ட வள்ளி உடனே சினமொழி கூறுவதற்கும், ஒரு கணம் திகைத்துப் பின் கூறுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அவ்வொரு கணத்தில் வேலனாக நிற்பவர் தம் சொல்லைத் திணிக்காது காத்திருப்பாராயின் மெய்ப்பாடு தோன்றும். பின்னர் யானை தோன்ற, அஞ்சிய வள்ளி அவனையே சார்வது, களிறுதரு புணர்ச்சி என்னும் துறைக்கு ஏற்ப, முன்னரே முளைத்த காதலின் விளைவாக அமையும். அக்கணம் இல்லையேல் அஃது அச்சத்தின் விளைவாக மட்டுமே நின்றுவிடும்.

4. மேடைப் பொருத்தமும் வாழ்க்கை உறவும்

இனி ஒரு தடையினை எதிர்கொள்வோம். நடிப்பவர் இருவரிடையே உண்மையன்பு இருப்பதனாலன்றோ மேடையில் பொருத்தம் தோன்றுகின்றது எனச் சிலர் கூறுவர். அதற்குச் சான்றாக எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் இணையினைக் காட்டுவர். தமிழ் மேடையில் இவ்விணையைப்போல் பேசப்பட்ட இணை பிறிதில்லை என்பது உண்மையே.

ஆனால் நிகழ்ச்சிகளின் வைப்புமுறை அக்கூற்றுக்குத் துணைசெய்யவில்லை. 1926-இல் இலங்கை மேடையில் இருவரும் இணைந்து நடித்தனர். அதன் பின்னரே வாழ்க்கையில் இணைந்தனர். உறவுக்கு முன்னரே பொருத்தம் மேடையில் நிகழ்ந்துவிட்டது. அஃது இரு பெருங்குரல்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டமையால் விளைந்தது. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் நாள் இருபத்தேழு வயதில் மறைந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டார். ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவரே நந்தனாராக, ஆண்வேடத்தில் தோன்றினார். அவையோர் கொண்டாடிய இணைப்பொருத்தத்தின் விலையை அப்பெண்மணி தம் வாழ்நாளெல்லாம் செலுத்தினார் என்பதனை நாம் மறத்தலாகாது.

மற்றொரு சான்று பாலர் நாடக சபைகளாகும். சங்கரதாச சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி. க. சண்முகம் உடன்பிறந்தார் போன்ற சிறுவர்களே எல்லா வேடமும் தாங்கினர். வள்ளியும் சிறுவன், வேலனும் சிறுவன். பெண்வேடத்திற்கும் ஆண்வேடத்திற்கும் உள்ள பொருத்தம் ஆங்கும் பாராட்டப்பட்டது. காதலுறவு என்பதற்கு அங்கே இடமேயில்லை. புதுக்கோட்டை தந்த பெருநடிகர் பி. யு. சின்னப்பாவும் இத்தகைய பாலர் சபைகளில் பயின்று வளர்ந்தவரே.

பிற நாட்டுச் சான்றும் இதனையே காட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பாகிய ‘ஐ லவ் லூசி’ என்னும் நகைச்சுவைத் தொடரில் கணவன் மனைவியாக நடித்த லூசில் பாலும் டெசி அர்னாசும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியர். 1960-இல் அவர்கள் மணவிலக்குப் பெற்றனர். தொடரின் சுவை அதனால் குறைந்ததா எனின் இல்லை. பிந்தைய தலைமுறையினரும் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். 1982 முதல் 1993 வரை நிகழ்ந்த ‘சியர்ஸ்’ என்னும் தொடரிலோ சாம், டயான் என்னும் இருவரின் ஊடலும் கூடலும் பெரும்பேச்சுக்கு உரியவாயின. அவ்வேடம் தாங்கியவர்கள் வாழ்க்கையில் இணையர் அல்லர். ஆகவே வாழ்க்கையில் உறவு இருப்பினும் இல்லாதொழியினும் மேடைப் பொருத்தம் தனித்து நிற்கும் ஒரு கலைப்பண்பு என்பது போதரும்.

5. அலரும் அதன் எல்லையும்

அவையோர் பேச்சுக்கு நம் இலக்கண மரபில் இடம் உண்டா? உண்டு. களவொழுக்கத்தை ஊரார் தம்முள் முணுமுணுப்பது அம்பல். பலர் அறியச் சொல்லால் வெளிப்படுவது அலர். அம்பலினை மொட்டு நிலையாகவும் அலரினை மலர்ந்த நிலையாகவும் இறையனார் களவியலுரை விளக்கும். அலரால் காமம் மிகும் என்பது தொல்காப்பியர் கருத்து. திருவள்ளுவரும் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஊர்ப்பேச்சு காதற்கதையின் புறத்தே நிற்பதன்று. அதன் உறுப்பாகவே நம் முன்னோர் அதனைக் கொண்டனர். மறுநாட் காலையில் வள்ளியும் வேலனும் பொருந்தினரா என்று வழக்காடும் ஊரார், நாடகத்தின் நீட்சியாக அலர்தூற்றுவோர் என்றே கொள்ளலாம்.

ஆயின் அதே அகப்பொருள் மரபு மற்றொரு விதியையும் வகுத்தது. மக்களைப் பொருளாகக் கொண்ட அன்பின் ஐந்திணையில் ஒருவரது இயற்பெயர் சுட்டப்பெறுதல் ஆகாது என அகத்திணையியல் கூறும். எட்டுத்தொகை அகப்பாட்டுகளில் தலைவனும் தலைவியும் பெயரின்றியே வாழ்கின்றனர். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கும் மேலைச்சிவபுரியில் பிறந்த வ. சுப. மாணிக்கனார் ‘தமிழ்க் காதல்’ என்னும் நூலில் விரித்தாராய்ந்த அகத்திணையின் தனிப்பெருஞ் சிறப்புகளுள் இப்பெயர் சுட்டாமையும் ஒன்று. காதல் எல்லார்க்கும் பொது. அதனை ஒருவர்மேல் ஏற்றிக் கூறின் பொதுமை கெடும். அவரது மானமும் கெடும்.

வள்ளியும் முருகனும் பெயர் சுட்டப்பெறுகின்றனரே எனின், அதற்கும் விடை உண்டு. காமப்பகுதியைக் கடவுள்மேல் வைத்துக் கூறுதல் நீக்கப்படாது எனப் புறத்திணையியல் பாடாண் பகுதியில் இடந்தருகின்றது. நற்றிணை 82-ஆம் பாட்டு வள்ளியை முருகனொடு புணர்ந்தவளாகக் குறிக்கும். ஒன்பதாம் பரிபாடல் களவுமணத்தின் உயர்வை வள்ளியொடு சார்த்திப் பேசும். கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவுறும். ஆகவே அப்பெயர்களை இரவெல்லாம் கூறுக, பகலெல்லாம் அலர்தூற்றுக, குற்றமில்லை. பாடாண் விதி மானிடர்க்கும் செல்லுமே எனின், செல்லும். ஆனால் அது புகழ்தற் பொருட்டே. நடிப்பவர்தம் குரலையும் சொல்வன்மையையும் பெயர்கூறிப் புகழ்தல் பாடாண் நெறி. அவர்தம் நெஞ்சத்தையும் இல்லறத்தையும் பெயர்கூறி ஆராய்தல் அந்நெறியன்று. சுருங்கக் கூறின், நடிகர் பெயர் பாடாணில் வருக, அகத்தில் வாராதொழிக.

இவ்வெல்லை வெறும் இலக்கண நுட்பமன்று. உயிர்கள் சிலவற்றின் நல்வாழ்வு இதனைச் சார்ந்துள்ளது. ஒத்திகையின்றி அன்று மாலை முதன்முறையாகக் கண்ட ஆடவரோடு விடியுமளவும் காதல்மொழி பேசுவது ஸ்திரீபார்ட் நடிகையின் தொழில். அத்தொழிலில் அவர் எத்துணைச் சிறப்பாகப் பொருந்துகின்றாரோ, அத்துணைக்கு அவரது ஒழுக்கத்தை ஐயுறும் பேச்சும் எழுகின்றது. கலைத்திறமே பழிக்குக் காரணமாகும் இக்கொடுமை ஆண் நடிகரை அந்த அளவில் தீண்டுவதில்லை. சூசன் சைசர் என்னும் அமெரிக்க மானிடவியலார் மதுரையைக் களமாகக் கொண்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட நூல், இக்கலைஞர்மேல் சுமத்தப்படும் இழிவினையே மையப்பொருளாகக் கொண்டது. நாடகத்திற்குச் செல்லும் பயணத்திலும் நடிகையர் பிறர் பார்வையினின்றும் தம்மை மறைத்துக் காத்துக்கொள்ளும் முறைகளை அந்நூல் விரிவாக எடுத்துரைக்கின்றது. மேடையில் ஓரிரவு முழுதும் எல்லார் கண்ணுக்கும் உரியராய் நிற்பவர், வழியில் ஒருவர் கண்ணிலும் படாது செல்ல வேண்டியுள்ளது. அவர்தம் பெயரும் படமும் நாடக நோட்டீசில் அச்சாகி ஊர்ச்சுவர்களில் ஒட்டப்படுகின்றன. ஆகவே அலர் அவரைப் பெயரோடு பற்றுகின்றது. இன்று நாடகங்கள் ஒளிப்பதிவாகி எல்லை கடந்து பரவுதலின், முன்னாளில் ஊர்க்கண்மாயோடு ஒழிந்த பேச்சு இப்பொழுது நாடெங்கும் செல்கின்றது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: வள்ளி திருமண நாடகத்தின் அவையோர் கூறும் பொருத்தம் உருவத்தாலும் ஆண்டாலும் ஆவதன்று, ஒருவர் சொல்லுக்கு மற்றவர் இடமளிக்கும் உணர்வால் ஆவது. அது நடிப்பவரின் வாழ்க்கை உறவினைச் சார்ந்ததும் அன்று. அதனைப் பற்றிய ஊர்ப்பேச்சு, வள்ளியையும் வேலனையும் குறித்து நிகழுமளவும் நல்ல திறனாய்வாகும். நடிப்பவரின் தனிவாழ்க்கையைக் குறித்து நிகழத் தொடங்கின் அத்தகுதியை இழக்கும்.

நாடகத்தமிழை ஆராய முற்படும் மாணவர் மேடையை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. ஒரே ஊரில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழும் தர்க்கங்களைப் பதிவுசெய்து ஒப்பிடுதல் வேண்டும். மான் வினாவிற்கு எந்த வள்ளி எவ்வாறு விடையிறுத்தாள், எந்த வேலன் எவ்விடத்தில் காத்திருந்தான் என்பனவற்றைத் தொகுத்தல் வேண்டும். மறுநாள் முதியோர் கூறும் மதிப்பீட்டையும் அவற்றோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். அரிமளமும் அதன் சுற்றூர்களும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களங்களாகும். அவ்வாறு தொகுக்குங்கால் நடிகையர் பெயரை அவர்தம் புலமைக்குரிய இடத்தில் எழுதுக. வம்புக்குரிய இடத்தில் விடுக. பெயர் கூறாது காதலைப் பாடக் கற்ற மொழிக்கு இவ்வளவு அடக்கம் அரிதன்று என்பது எம் துணிபு.